மீளமைப்பும் மெய்ம்மையும்

மனிதன் தன் கையாற் செய்த பொருள்கள் சிதையுமிடத்து அவற்றைச் செப்பஞ்செய்து மீண்டும் நிலைநிறுத்த விழைவது தொன்றுதொட்டு வரும் இயல்பாகும். இடிந்த மாளிகை, மங்கிய ஓவியம், செல்லரித்த ஏடு ஆகியவற்றை மீட்டெடுப்பது பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். வீதியில் நாள்தோறும் ஓடித் தேய்ந்த ஓர் இயந்திரத்தை மீட்டெடுப்பதும் அதே வகையைச் சேர்ந்த செயலே என்பது அத்துணை கவனிக்கப்படுவதில்லை. ஐரோப்பாவில் 1950களிலும் 1960களிலும் ஆக்கப்பட்ட இருகதவுக் 'கூப்பே' வகை மோட்டார் வண்டிகளைக் கறள் பிடித்த நிலையில் வாங்கி, வீட்டுக் கராஜிலே ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டு ஓட்டத்தக்க நிலைக்குக் கொண்டுவருவோர் இங்கிலாந்து, சுவீடன், ஜேர்மனி முதலிய நாடுகளிற் பலர் உளர். வெறும் பொழுதுபோக்கு என்று கொள்ளப்படும் இம்முயற்சி, மெய்யியலின் பழைய வினாக்களுள் இரண்டை அவர்கள் முன் கொணர்ந்து நிறுத்துகின்றது. ஒரு பொருள் எதனால் அதே பொருளாக நிலைக்கின்றது என்பது முதலாவது. சென்ற காலத்துக்கும் வருங்காலத்துக்கும் இடையில் நின்று வேலை செய்பவன் எத்தகைய நேர்மைக்குக் கடமைப்பட்டவன் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதும், இரண்டாவதற்கு விடை காணாது முதலாவதற்கு விடை காணல் அரிது என்பதும் ஆராய்வார்க்குப் புலனாகும்.

ஒரு வண்டியின் பிறப்பு

சிந்தனை அந்தரத்தில் நில்லாதிருக்க ஓர் எடுத்துக்காட்டைப் பற்றிக்கொள்ளுதல் நன்று. சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பீ 1800 என்னும் கூப்பே அதற்குப் பொருத்தமானது. 1960ஆம் ஆண்டு தை மாதத்திற் பிரசல்ஸ் மோட்டார்க் கண்காட்சியில் இவ்வண்டி மக்கள் முன் வைக்கப்பட்டது. 1961இல் உற்பத்தி தொடங்கியது. கூப்பே வடிவம் 1972 வரையும், நீண்ட கூரையுடைய பிறிதொரு வடிவம் 1973 வரையும் ஆக்கப்பட்டன. இரு வடிவங்களும் சேர்ந்து ஏறத்தாழ 47,000 வண்டிகள் வெளிவந்தன. அவற்றுள் 39,000க்கு மேற்பட்டவை கூப்பேக்கள்.

இவ்வண்டியின் பிறப்பு வரலாறு மிகவும் சிக்கலானது. இத்தாலிய வடிவம் ஒன்றையே நிறுவனத்தின் தலைமை விரும்பியது. இத்தாலிய வடிவமைப்பாளர் பியெத்ரோ ஃபுருவாவின் கூடத்திலிருந்து வந்த வரைபடமே தெரிவுசெய்யப்பட்டது. ஆயின், அதனை வரைந்தவர் அக்கூடத்திற் பணியாற்றிய பெலே பெற்றர்சன் என்னும் சுவீடன் நாட்டு இளைஞர். வொல்வோவின் ஆலோசகராக இத்திட்டத்தை முன்னின்று நடத்திய ஹெல்மர் பெற்றர்சனின் மகன். இவ்வுண்மை நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது. வடிவத்தின் பெருமை பல பத்தாண்டுகள் ஃபுருவாவின் பெயருக்கே உரியதாயிற்று. பெற்றர்சனின் உரிமை 2009இலேதான் முறைப்படி ஏற்கப்பட்டது.

ஆக்கப்பட்ட இடமும் ஒன்றன்று. ஜேர்மனியின் ஒஸ்னாபுறூக் நகரிலுள்ள கார்மன் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைக்க முயன்றபோது, அந்நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளராகிய வொக்ஸ்வாகன் அதற்குத் தடையாக நின்றது. முடிவில் வண்டியின் உடல் ஸ்கொற்லாந்தின் லின்வூட்டில் அச்சழுத்தப்பட்டு, இங்கிலாந்தின் மேற்கு புரோமிச்சில் ஜென்சன் நிறுவனத்தாற் பொருத்தப்பட்டது. எஞ்சின் சுவீடனிலிருந்து வந்தது. பொருத்தப்பட்ட வண்டிகளின் தரம் வொல்வோவுக்கு நிறைவளிக்கவில்லை. சுமார் 6,000 வண்டிகள் வெளிவந்தபின் 1963இற் பொருத்தும் வேலை சுவீடனின் கொதன்பேர்க் நகருக்கு மாற்றப்பட்டது. எனினும் உடல்கள் 1969 வரை ஸ்கொற்லாந்திலிருந்தே வந்தன.

இவ்வரலாற்றை இங்கு எடுத்துரைத்தது காரணம் பற்றியேயாம். 'மூலநிலைக்குக் கொண்டுவருதல்' என்பது மீளமைப்போர் அனைவரும் உச்சரிக்கும் மந்திரம். அந்த மூலநிலை யாது? வரைந்தவன் உள்ளத்தில் இருந்ததா, ஆக்கியவர் கையில் உருவானதா, வாங்கியவர் வாசலுக்கு வந்துசேர்ந்ததா? ஒரே வண்டியின் தொடக்கத்திலேயே நான்கு நாடுகளின் பெயரும், மறைக்கப்பட்ட ஓர் ஆசிரியரின் பெயரும் கலந்து கிடக்கின்றன. தொடக்கம் தூயது, பின்வந்த காலமே அதனைக் கெடுத்தது என்ற எளிய எண்ணம் இங்குத் தடுமாறுகின்றது.

கராஜினுள் நிகழ்வது

இத்தகைய வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. முட்டையோடு தன் வலிமையைத் தன் வளைவிலேயே கொண்டிருப்பதுபோல, மடித்தும் வளைத்தும் இணைக்கப்பட்ட உருக்குத் தகடுகளே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. ஆதலால் கறள் என்பது தோற்றத்தைக் கெடுக்கும் நோய் மட்டுமன்று; எலும்பை அரிக்கும் நோய். முன்விளக்குகளின் பின்புறம், மட்காட்டின் உட்பக்கம், கால்வைக்கும் தளம் ஆகிய இடங்களில் ஈரமும் சேறும் தங்கி உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். எல்லாவற்றினும் முதன்மையானது கதவுகளுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் ஓடும் பெட்டிபோன்ற அடிவரம்பு. வெளியே வர்ணம் பளபளத்துக்கொண்டிருக்க, ஒரு திருப்புளியால் அழுத்திப் பார்த்தால் அது காகிதத்தைத் துளைப்பதுபோல உள்ளே இறங்கிவிடும்.

மீளமைப்பவன் முதற்கண் கற்பது பொறுமையை. ஒவ்வொரு மரையாணியையும் கழற்றுமுன் அது இருந்த நிலையைப் படம் பிடித்து, சிறு பைகளிலிட்டு, பெயரெழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாதவன் ஈராண்டு கழிந்து ஒரு பெட்டி நிறைய மரையாணிகளுடன் திகைத்து நிற்பான். அடுத்து அவன் கற்பது பணிவை. கெட்டுப்போன அடிவரம்பை வெட்டியெடுக்குமுன் கதவின் வெளியை உருக்குச் சட்டங்களால் குறுக்கே தாங்கிப் பிணைத்தல் வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் உடல் தன் பாரத்தினாலேயே நடுவில் தொய்யும். பின் எத்துணை அழகாகப் புதிய தகடு இணைத்தாலும் கதவு ஒருபோதும் செவ்வனே மூடாது. பொருளின் இயல்பை அறியாத நல்லெண்ணம் பொருளைக் கெடுக்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான பாடம் வகுப்பறையிற் கிடைத்தல் அரிது.

இதன் பின்னரே அறவினா தோன்றுகின்றது. தொழிற்சாலையில் இத்தகடுகள் மின்னாற் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டப்பட்டவை. வீட்டிலே வேலை செய்பவனிடம் பெரும்பாலும் அத்தகைய கருவி இருப்பதில்லை. மேற்றகட்டில் துளைகளிட்டு, அவற்றை உருகிய உலோகத்தால் நிரப்பி, கீழ்த்தகட்டோடு இணைப்பது அவன் வழக்கம். வலிமையில் இது குறைந்ததன்று. வேலை முடிந்தபின் அவ்வொட்டுக்களை அரத்தால் மட்டமாக்கி, சிறு குழிகளிட்டு, 1960களின் தொழிற்சாலையில் இடப்பட்ட புள்ளிகள்போலவே தோன்றச் செய்தலும் கூடும். அவ்வாறு செய்தல் கலைத்திறமையா, பொய்ச்சான்றா? இன்னொரு சூழ்நிலை இதனினும் கடுமையானது. கறள் தின்ற அடிவரம்பின் மேல் ஒரு புதிய தகட்டை மூடி ஒட்டி, இடைவெளியை நிரப்புபசையால் மெழுகி, வர்ணம் பூசிவிட்டால் ஆறு மாத வேலை இரண்டு நாளில் முடியும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மூடப்பட்ட அப்பெட்டியினுள்ளே இருப்பதை அறிந்தவன் ஒருவனே.

அதே வண்டியா?

அடிவரம்பு புதிது, தளம் புதிது, மட்காட் புதிது, ஆசனத் தோல் புதிது, வர்ணம் புதிது என்றானபின், எஞ்சியிருப்பதை 1962ஆம் ஆண்டு வண்டி என்று அழைத்தல் தகுமா? கிரேக்க எழுத்தாளர் புளூட்டாக் தீசியசின் கப்பல் பற்றி எழுதியது இவ்வினாவின் பழைய வடிவமாகும். அதேன்ஸ் மக்கள் அக்கப்பலைப் பேணுமுகமாக உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியனவற்றை வைத்தனர். அது அதே கப்பலா என்பதில் மெய்யியலாளர் இருவேறு கட்சியினராயினர். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இச்சிக்கலை மேலும் இறுக்கினார். நீக்கப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேகரித்து அதே ஒழுங்கில் மீண்டும் ஒரு கப்பலைக் கட்டுவானாயின், இரண்டினுள் எது தீசியசின் கப்பல்? மோட்டார் உலகத்திலே இது வெறுங் கற்பனையன்று. விலைமதிப்புள்ள பழைய வண்டியொன்றின் உடல் ஒருவரிடமும், எஞ்சினும் இலக்கத்தகடும் வேறொருவரிடமும் சேர்ந்து, ஒரே இலக்கத்துக்கு இரு வண்டிகள் உரிமை கோரும் பிணக்குகள் அங்கு எழுவதுண்டு.

கீழைத்தேய மரபிலே இவ்வினா ஒரு வண்டியைக் கொண்டே எழுப்பப்பட்டமை நோக்கத்தக்கது. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனத் தேரருக்கும் நிகழ்ந்த உரையாடலில், மன்னன் தேரேறி வந்ததைக் கேட்டறிந்த தேரர், அச்சு தேரா, சில்லு தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாய் வினவுகின்றார். அவையெதுவும் தேரன்று, அவற்றுக்குப் புறம்பாகவும் தேர் என ஒன்றில்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது முடிபு. உறுப்புகளுள் ஒளிந்திருக்கும் மாறாத சாரமொன்றைத் தேடுவது வீண் என்பதை இது தெளிவுறுத்துகின்றது. ஆயினும், பெயர் வழங்குவோரின் பொறுப்பு என்ன என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. பெயர் வழக்காறு மட்டுமே என்றால், அவ்வழக்காற்றை நேர்மையாகவும் வழங்கலாம், வஞ்சகமாகவும் வழங்கலாம்.

ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் பிறிதொரு வழியைக் காட்டினார். கன்றாயிருந்த கருவாலி பெருமரமாகும்போது அதன் பருப்பொருள் முற்றும் மாறிவிடுகின்றது. எனினும் அறாது தொடரும் ஒரே உயிர் வாழ்க்கையிற் பங்குகொள்வதால் அது அதே மரம் என்றார் அவர். வண்டிக்கு உயிரில்லை என்பது உண்மையே. ஆயினும் அறாத வரலாறு என்று ஒன்று அதற்கும் உண்டு. 1990இல் இலண்டன் மேனீதிமன்றத்தில் இக்கருத்துக்கு ஒப்பானதொரு தீர்ப்பு வழங்கப்பட்டது. 1929இலும் 1930இலும் பிரான்சின் லே மான் நகரில் நடைபெற்ற இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் வென்ற பென்ற்லி வண்டியொன்றைப் பத்து மில்லியன் பவுணுக்கு வாங்க உடன்பட்டவர்கள், அது அந்த வண்டியே அன்று எனக் கூறிப் பின்வாங்கினர். வெற்றிபெற்ற நாளில் இருந்த உறுப்புகளுள் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. வழக்கை விசாரித்த நீதியரசர் ஒற்றன், அதனை மாறாத மூலப்பொருள் என்று கொள்ளாவிடினும், இடையறாத வரலாற்றையுடைய மெய்யான வண்டி அதுவே என முடிவுசெய்தார். உறுப்புகள் காலத்துக்குக் காலம் மாறின. ஆனால் அவ்வண்டி ஒருபோதும் இல்லாமற்போய்ப் புதிதாகத் தோன்றவில்லை.

இதற்கு இன்னொரு சான்று பீ 1800 வகையிலேயே உண்டு. அமெரிக்க ஆசிரியர் ஒருவர் 1966இல் வாங்கிய வண்டியை அரை நூற்றாண்டளவு தாமே ஓட்டி, 2013இல் மூன்று மில்லியன் மைல்களைக் கடந்தார். அத்துணைத் தூரத்தில் எஞ்சின் மீளக் கட்டப்பட்டது. தேயும் உறுப்புகள் எண்ணிறந்த முறை மாற்றப்பட்டன. எனினும் அது அதே வண்டி என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. தூசு படாது கொட்டிலில் நின்ற வண்டியினும், ஓடித் தேய்ந்து திருத்தப்பட்டு மீண்டும் ஓடிய வண்டிக்கே தனித்த அடையாளம் மிகுதி எனலாம். அடையாளம் உலோகத்தில் இல்லை. அறாது தொடர்ந்து அறியப்படும் வரலாற்றிலே உள்ளது. ஆனால் வரலாறு என்பது பிறருக்குச் சொல்லப்படுவது. சொல்பவன் பொய்யனாயின் அடையாளமும் அங்கேயே அறுந்துவிடும். முதல் வினா இரண்டாம் வினாவைச் சார்ந்தது என்று தொடக்கத்திற் கூறப்பட்டது இதுபற்றியே.

முரண்படும் இரு அறிவுரைகள்

மீளமைப்புப் பற்றி ஐரோப்பாவில் எழுந்த பெருவிவாதம் கட்டடங்களைப் பற்றியதாகும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக், ஒரு கட்டடத்தை மீளமைத்தலாவது எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமை நிலைக்குக்கூட அதனைக் கொண்டுவருதல் என்று துணிந்து கூறினார். அதற்கு மறுதலையாக, ஆங்கில அறிஞர் ஜோன் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட நூலில் மீளமைப்பு என்பதே ஒரு பொய் எனக் கண்டித்தார். இறந்த தொழிலாளியின் கையையும் உள்ளத்தையும் எவராலும் திரும்ப அழைக்க முடியாது. காலத்தே கவனித்துப் பேணினால் மீளமைக்கும் தேவையே எழாது என்பது அவர் கொள்கை.

வண்டிகளை மீளமைப்போரிடமும் இவ்விரு மனப்பாங்குகளும் உள்ளன. ஒரு சாரார் வண்டியைத் தொழிற்சாலை வாயிலில் நின்ற நாளிலும் பார்க்க அழகாக்குவர். அன்று தகடுகளின் இடைவெளிகள் ஒரேயளவாய் இருந்ததில்லை. இவர்கள் அவற்றை மயிரிழை பிசகாது சமன்செய்வர். அன்று பூசப்பட்ட வர்ணத்திற் குறைகள் இருந்தன. இவர்கள் கண்ணாடிபோல மினுக்குவர். தொடக்ககால பீ 1800 வண்டிகளிற் குறைகள் இருந்தமையாலன்றோ வேலை நாடு மாற்றப்பட்டது! அக்குறைகளை நீக்கியவன் வடிவமைத்தவரின் கனவுக்கு உண்மையாகின்றான். மேற்கு புரோமிச்சில் வேலைசெய்தவர்களின் வரலாற்றுக்குப் பொய்யாகின்றான். மற்றைச் சாரார் எதையுந் தொடார். வெடித்த வர்ணத்தையும் கிழிந்த ஆசனத்தையும் அவ்வாறே காப்பர். அவர்கள் நிலையும் இடரற்றதன்று. கட்டடம் நின்றுகொண்டே பழமையைக் கூறும். வண்டியோ ஓடுவதற்கென்றே பிறந்தது. ஓடாத வண்டி தன் உறுப்புகளையெல்லாம் காத்துத் தன் தொழிலை இழந்துவிட்டது. காலமும் அதற்கு முழுமையாக விட்டுக்கொடுப்பதில்லை. ஈயங் கலந்த பெற்றோலின் பொது விற்பனை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டது. அப்பெற்றோலை நம்பி ஆக்கப்பட்ட எஞ்சினைத் தொடர்ந்து ஓட்ட விரும்புவோர் அதன் வால்வு இருக்கைகளைக் கடின உருக்கினாற் புதுப்பிக்க நேர்கின்றது.

இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட நெறியொன்று படிப்படியாக உருவாயிற்று. 1964இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும் என்று விதித்தது. இத்தாலிய அறிஞர் செசாரே பிராண்டி, சேர்க்கப்பட்ட பகுதி தூரத்திலிருந்து முழுமையைக் குலைக்காமலும், அருகிற் சென்று நோக்குவார்க்குப் புதியது என்பது புலப்படுமாறும் அமைய வேண்டும் என்றார். பழைய வாகனங்களுக்கான அனைத்துலகச் சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் இவற்றை வண்டிகளுக்கும் உரியனவாக்கியது. பேணல் மீளமைப்பினும் முந்தியது. மாற்றங்கள் இயன்றவரை மீளப்பெறத்தக்கனவாயிருத்தல் வேண்டும். புதிதாய் இடப்பட்ட உறுப்புகள் அழியாத குறிகளால் அடையாளங் காட்டப்படல் வேண்டும் என்பன அதன் சாரம்.

இந்நெறியின் உட்கிடை ஆழமானது. மீளமைப்பவன் காலத்தைப் பின்னோக்கித் திருப்புபவன் அல்லன். அவன் சாட்சி கூறுபவன். தனக்கு முன்பிருந்தவர் கைகளின் தடத்தையும் தன் கையின் தடத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதே அவன் கடமை. துளையிட்டு ஒட்டியவன் அதனைத் தொழிற்சாலைப் புள்ளிபோல நடிக்கச் செய்யத் தேவையில்லை என்பதற்கும் காரணம் இதுவே. நன்றாகச் செய்யப்பட்ட துளையொட்டு வெட்கப்படுதற்குரியதன்று; அது வேறொரு காலத்தில், வேறொரு கையால், வீட்டில் நிகழ்ந்த வேலையின் மெய்யான அடையாளம்.

வீதியில் நிற்கும் அந்நியர்

ஓவியத்தை மீளமைப்பவன் தவறினால் அழகு கெடும். வண்டியை மீளமைப்பவன் தவறினால் உயிர் போகும். இவ்வேறுபாட்டினால், பழமைக்கு உண்மையாயிருத்தல் என்னும் கடமை இங்குத் தனியாக நிற்பதில்லை. வீதியைக் கடக்கும் குழந்தைக்கு, வண்டியின் மூலநிலை எதுவாயிருந்தாலும் ஒன்றே.

தொடக்ககால வண்டிகளில் எல்லாச் சில்லுகளின் பிரேக்குகளும் ஒரே திரவக் குழாய்த்தொகுதியால் இயங்கின. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் மிதி தரைமட்டும் இறங்கும், எச்சில்லும் நில்லாது. இரு தொகுதிகளாகப் பிரித்தால், ஒன்று தவறினும் மற்றையது காக்கும். பிரேக் உறைகளிற் கல்நார் சேர்ப்பது அக்கால வழக்கம். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு என்பது இன்று அறியப்பட்ட செய்தி. இவற்றை மாற்றுபவன் மூலநிலையிலிருந்து விலகுகின்றான். அவ்விலகல் அறத்தோடு பொருந்துவது என்பதில் ஐயமில்லை. தூரின் சாசனமும், போக்குவரத்துப் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் மாற்றங்கள் மூல அமைப்பை இயன்றவரை குறைவாகவே தொடவேண்டும் என்று கூறி அவற்றுக்கு இடமளிக்கின்றது.

ஆசனப்பட்டி இதனை மேலும் விளக்கும். மூன்று முனைகளிற் பொருந்தும் ஆசனப்பட்டியை 1959இல் உலகுக்களித்தவர் வொல்வோவின் பொறியியலாளர் நில்ஸ் போலின். அது பீ 1800இன் பெருமைகளுள் ஒன்று. ஆனால் பல பத்தாண்டு வெயிலில் நைந்த பழைய பட்டியைத் தோற்றத்துக்காக அவ்வாறே விட்டுவைப்பவன், நூலிழைக்கு உண்மையாகி அதனைச் செய்தவர் நோக்கத்துக்குத் துரோகியாகின்றான். மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்பதற்குள்ளேயே ஒரு படிவரிசை உண்டு. பொருளுக்கு உண்மை, வடிவத்துக்கு உண்மை, நோக்கத்துக்கு உண்மை ஆகிய மூன்றும் முரணுமிடத்து, பிறர் உயிரைத் தொடும் விடயங்களில் நோக்கமே முதலிடம் பெறும்.

இப்போது மூடப்பட்ட அடிவரம்பின் கேள்விக்கும் விடை கிடைக்கின்றது. கறளின் மேல் தகடு மூடியவன், உண்மையை மறைத்தலோடு நில்லாது, மோதலின்போது மடிந்துபோகும் ஒரு பெட்டியினுள் அறியாத ஒருவரை அமர்த்துகின்றான். தன் ஆசையின் செலவைப் பிறர் தலையில் ஏற்றுவதே அச்செயலின் இழிவு.

எழத்தக்க மறுப்புகள்

இம்முயற்சி முழுவதும் வசதிபடைத்தோரின் விளையாட்டு என்பது முதல் மறுப்பு. உலகிற் கோடிக்கணக்கானோர் பசித்திருக்கையில் ஒரு பழைய வண்டியின் குரோமியப் பட்டிக்காக ஈராண்டு உழைத்தல் நியாயமா? இதனை எளிதில் ஒதுக்குதல் முறையன்று. மீட்கப்பட்ட வண்டி முதலீட்டுப் பண்டமாகி, ஏலத்திற் கைமாறி, குளிரூட்டிய கொட்டிலில் உறங்குமாயின், அதன் மீளமைப்பில் அறச்சிறப்பு எதனையுங் காணல் அரிது. ஆயின், வீட்டிலே தன் கையாற் செய்பவனிடம் வேறொன்றும் நிகழ்கின்றது. 1844இல் எழுதிய கையேடுகளிற் கார்ல் மார்க்ஸ், முதலாளித்துவ உற்பத்தியில் உழைப்பவன் தான் ஆக்கிய பொருளிலிருந்தும் ஆக்கும் செயலிலிருந்தும் அந்நியமாகின்றான் என்று காட்டினார். பகலெல்லாம் அலுவலகத்தில் முழுமை காணாத துண்டு வேலைகளைச் செய்பவன், மாலையிற் கராஜினுள் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் அறிவாலும் கையாலும் ஆளுகின்றான். அவன் தேடுவது வண்டியை மட்டுமன்று. உழைப்பின் இழந்த முழுமையையும் அவன் தேடுகின்றான். அம்முழுமை ஓய்வு நேரத்தில் மட்டுமே கிடைக்கின்றது என்பதும், அதற்கும் பணம் வேண்டும் என்பதும் அவன் குற்றமல்ல. அவன் வாழும் சமுதாயத்தின் குற்றம். எனவே இம்மறுப்பு கராஜை நோக்குவதிலும் பார்க்கத் தொழிற்சாலையை நோக்குதலே பொருத்தமாகும்.

இரண்டாம் மறுப்பு வீட்டினுள்ளிருந்தே எழுவது. கராஜ் வீட்டின் ஒரு பகுதி. அங்குச் செலவாகும் மாலைகள் மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ உரியனவாயிருந்தவை. உலோகத்துக்குக் காட்டும் பொறுமையை மனிதருக்குக் காட்டாதவன் பொறுமையைக் கற்றவனல்லன். இதற்குத் தத்துவ விடை எதுவும் இல்லை. வேலையை நீட்டிப்பது, அல்லது பிள்ளையின் கையிலும் ஒரு திருப்புளியைக் கொடுப்பது என்பன போன்ற நடைமுறை விடைகளே உண்டு.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது. அழிவது பொருள்களின் இயல்பாயிருக்க, அதனைத் தடுக்க முனைவது பற்றின் மயக்கமன்றோ என்பது அது. நாகசேனரின் தேருவமையை ஏற்பவர் இவ்வாறே வினவுவர். ஆயினும், பற்றுக்கும் பேணலுக்கும் வேறுபாடு உண்டு. பற்றுடையவன் பொருள் தனக்கு என்றும் இருக்க வேண்டும் என்கின்றான். பேணுபவன் தான் இடையில் வந்து போகும் ஒரு காவலன் என்பதை அறிந்திருக்கின்றான். கறள் மீண்டும் வரும் என்பதை, அதனைக் கையால் வெட்டியெடுத்தவன் போல அறிந்தவர் வேறு யார்?

முடிவுரை

மேலே ஆராய்ந்தவற்றாற் பெறப்படுவன சில. பொருளின் அடையாளம் அதன் பழைய அணுக்களிலும் இல்லை, புதிய பளபளப்பிலும் இல்லை. அறாது தொடர்ந்து, உள்ளவாறு உரைக்கப்படும் வரலாற்றிலே அது உள்ளது. ஆகவே மீளமைப்பவனின் கடமைகள் மூன்றாகத் தொகுக்கத்தக்கன. காக்கக்கூடியதைக் காத்தல் ஒன்று. பிறர் உயிருக்கும் பொருளின் தொழிலுக்கும் இன்றியமையாதவற்றை, மீளப்பெறத்தக்க முறையில் மாற்றுதல் மற்றொன்று. காத்ததையும் மாற்றியதையும் மறையாது அறிவித்தல் மூன்றாவது. மூன்றாவது இல்லையாயின் முதலிரண்டும் பயனற்றனவாகும். பீ 1800ஐ வரைந்தவரின் பெயர் வெளிவர ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. அதன் தகட்டை ஒட்டியவரின் வேலையும் அவ்வாறு மறைதல் வேண்டுமென்பதில்லை.

செப்பமாக வேலை செய்பவர், புதிய அடிவரம்பை மூடி ஒட்டுமுன் உள்ளே கறள் தடுக்கும் பூச்சைப் பூசுவர். மூடியபின் சிறு துளைகளினூடாக மெழுகைச் செலுத்துவர். வண்டியை விற்கும்போது, வெட்டப்பட்ட தகடு, இணைக்கப்பட்ட தகடு, எஞ்சிய குறை ஆகிய எல்லாவற்றையும் காட்டும் படங்கள் அடங்கிய கோவையொன்றையும் உடன் கொடுப்பர். சிலவேளை உள்தகட்டில் ஆண்டையும் பொறித்து விடுவர். அப்பொறிப்பை எவரும் காணார்; எவரும் பாராட்டார். முப்பதாண்டு கழித்து, வேறொரு வீட்டில், வேறொருவர் அப்பெட்டியை மீண்டும் வெட்டித் திறக்கும்போது அது வெளிச்சத்துக்கு வரும். அதனைக் காண்பவர், தமக்கு முன் இவ்வண்டியைப் பேணியவர் தம்மை ஏமாற்றவில்லை என்பதை அறிந்துகொண்டு, தம் வேலையைத் தொடங்குவார்.